பெரணி வைத்த கோப்பை

எங்கள் பட்டறையில் அவரை இலைக்காரி என்போம். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் இலைக்காரி. அவருக்கும் அது தெரியும். ஒருநாள் கடைக்காரர் ஒருவர் தொலைபேசியில் யார் பேசுவது என்று கேட்டபோது, "இலைக்காரின்னு சொல்லுங்க, இங்க எல்லாருக்கும் தெரியும்" என்று அவரே சொன்னதை நான் கேட்டேன். அன்றிலிருந்து அந்தப் பெயரைச் சொல்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

நான் அங்கே கோப்பை வனைகிறவன். காலையில் சக்கரத்தில் உட்கார்ந்தால் மதியத்துக்குள் நாற்பது தேநீர்க் கோப்பைகளை எழுப்பிவிடுவேன். அவை பலகையில் ஒரு நாள் இருந்து, ஈரம் பாதி வற்றி, தொட்டால் தோலைத் தொட்டதுபோல் குளிர்ந்திருக்கும் பதத்துக்கு வந்ததும் இலைக்காரியின் மேசைக்குப் போகும். அவர் ஒரு இலையை எடுத்து, அந்த வளைவில் எங்கே வைப்பது என்று கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு வைத்து, விரல் அளவு மர உருளையால் ஒரே ஒரு தடவை உருட்டுவார். மேலே வெள்ளைக் களிமண் கரைசலைத் தூரிகையால் பூசி, ஊசி முனையால் இலையை உரித்தெடுப்பார். நரம்பு நரம்பாக இலை அங்கேயே படுத்திருக்கும். நானும் செய்து பார்த்திருக்கிறேன். என் இலை லாரிச் சக்கரத்தில் மாட்டினது போல இருந்தது.

சூளை பட்டறைக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட படகு மாதிரி, செங்கல்லில். எரிப்பது முழுக்க விறகு. விடிவதற்குமுன் பற்ற வைத்து, பதினாலு மணி நேரம் விடாமல் கட்டை கொடுக்க வேண்டும். சாம்பல் தீயோடு பறந்து கோப்பைகளின் மேல் படியும். சூடு ஏறியதும் அந்தச் சாம்பலே உருகிக் கண்ணாடி மாதிரி ஓடும். தீயைப் பார்த்து நின்ற பக்கம் பாசி நிறமாக வரும். மறுபக்கம் ஆரஞ்சாகவோ, சுட்ட செங்கல் நிறமாகவோ, எப்படி வேண்டுமானாலும் வரும். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. மூன்று நாள் ஆறவிட்டுச் சூளையைத் திறக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று முதலாளியம்மாவுக்கே தெரியாது.

இலைக்காரி எங்களிடம் வந்தபோது அவருக்கு முப்பத்தாறு வயது. அதற்கு முன் துணி அச்சடிக்கும் தொழிற்சாலையில் இருந்தார். சாயம் கைக்கு ஒத்துக்கொள்ளாமல் தோல் உரிந்து, வேலையை விட்டார். படுக்கையில் விழுந்த அப்பாவைப் பதினோரு வருஷம் பார்த்துக்கொண்டவர். அப்பா போன பிறகு திரும்பிப் பார்த்தால் தம்பிக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தன. கல்யாண வயது என்ற ஒன்று வந்து, அவர் வீட்டு வாசலில் நின்று, கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டிருந்தது. தம்பி வீட்டில் இரண்டே அறைகள். தையல் மெஷினுக்கும் குழந்தைகளின் புத்தகப் பைகளுக்கும் நடுவில், ஜன்னலுக்குக் கீழே அவர் கட்டில்.

சூளைக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை விறகு வரும். இரண்டு மணி நேரத் தூரத்தில், மலையில், ஒரு மர அறுவை மில் இருந்தது. அங்கே மீந்துபோகும் ஓரப் பலகைகளையும் கிளைக்கட்டைகளையும் ஒருவர் சொந்த லாரியில் கொண்டுவந்து இறக்குவார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஊமை ஹாரன். அவர் லாரியில் ஹாரன் வேலை செய்யாது. குறுக்கே மாடோ மனிதரோ நின்றால் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய், "கொஞ்சம் வழி விடுறீங்களா" என்று கேட்டுவிட்டு வந்து ஏறுவார். மாட்டிடமும் அப்படித்தான் கேட்பார் என்று முதலாளியம்மா சொல்வார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய கைகள். பேச்சு மட்டும் அளந்து வைத்தது. கல்யாணமான இரண்டாவது வருஷமே மனைவி காய்ச்சலில் இறந்துவிட்டாள், அதற்குப் பிறகு தனியாகத்தான் இருக்கிறார் என்பதை நான் அவரிடமிருந்து பிடுங்கி எடுக்க ஒரு வருஷம் ஆயிற்று.

ஒருமுறை தார்ப்பாய்க் கயிற்றில், மலை ஓடையோரம் வளரும் பெரணிச் செடியின் கீற்று ஒன்று மாட்டிக்கொண்டு வந்தது. கட்டைகளை இறக்கும்போது இலைக்காரி அதைப் பார்த்துவிட்டு, கயிற்றிலிருந்து கிழியாமல் எடுத்துப் போனார். அந்தக் கீற்று விழுந்த ஆறு கோப்பைகளும் சூளையிலிருந்து வந்த அன்றே விற்றுப்போயின. அடுத்த லோடு வந்தபோது ஊமை ஹாரன் வண்டியை விட்டு இறங்கி, ஈரச் செய்தித்தாளில் சுருட்டிய பெரணிக் கட்டு ஒன்றை இலைக்காரியின் மேசைமேல் வைத்தார்.

"இது ஆகுமா?"

"ஆகும்."

முதல் வருஷத்துப் பேச்சு அவ்வளவுதான். அதன்பின் ஒவ்வொரு லோடோடும் ஏதாவது வரும். பெரணி, நீர்க்கொடி, பாறையில் முளைக்கிற பூண்டு, பேர் தெரியாத மஞ்சள் பூ. எட்டு வருஷத்தில் அவர்கள் இருவரும் பேசியதைப் பள்ளிக்கூட நோட்டில் எழுதினால் இரண்டு பக்கம் வராது. ஆனால் ஒன்றை நான் கவனித்தேன். பட்டறையில் லாரிக்காரர், மண்காரர், மின்சாரக்காரர் யார் வந்தாலும் எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். இலைக்காரியும் அப்படித்தான். இந்த ஒரு மனிதரை மட்டும் அவர் அண்ணே என்று சொன்னதே இல்லை. எதுவும் சொல்லாமல், அருகில் போய் நின்று, தொண்டையைச் செருமிவிட்டுப் பேசுவார். அவரும் பட்டறையில் இருந்த எல்லாப் பெண்களையும் வஞ்சனையில்லாமல் தங்கச்சி என்பார். இலைக்காரியிடம் வந்தால் அந்தச் சொல்லைக் காணோம்.

ஐந்தாவது வருஷமோ ஆறாவது வருஷமோ, ஊமை ஹாரன் உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், இலைக்காரி வெளியே லாரிக் கதவருகே நிற்பதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கதவில் புழுதி. அவர் கதவைச் சாத்தின இடத்தில் உள்ளங்கை அச்சு முழுசாகப் பதிந்திருந்தது. இலைக்காரி ஒரு நூலை அதன்மேல் பிடித்து, இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டார். மறுநாள் என்னிடம் வந்தார்.

"தம்பி, அரை லிட்டர் பிடிக்கற மாதிரி ஒரு கப் வனைஞ்சு தர முடியுமா?"

"யாருக்கு, யானைக்கா?"

"மனுஷனுக்குத்தான்." நூலை நீட்டினார். "சுத்தளவு இது. பிடி வைக்காதீங்க. அவர் விரல் பிடிக்குள்ள நுழையாது."

அவர் என்ற சொல் வாயிலிருந்து வந்துவிட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் மேலே எதுவும் கேட்கவில்லை. வனைந்து கொடுத்தேன். கட்டைவிரல் உட்காருவதற்கு ஒரு சின்னப் பள்ளத்தை அவரே விரலால் அமுக்கினார். அடியிலிருந்து விளிம்பு வரை ஒரே ஒரு பெரணிக் கீற்று, காற்றில் சாய்ந்த மாதிரி. சூளை அடுக்கும்போது அதைக் கட்டை போடும் தீவாய்க்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லி முதலாளியம்மாவிடம் நின்றார். அங்கே வைத்தால் பத்தில் மூன்று வெடித்துவிடும். இது வெடிக்கவில்லை. பெரணியின் மேல் சாம்பல் பச்சையாக வழிந்து, கீற்றின் நுனியில் ஒரு துளி தொங்கி நின்றது. மறுபக்கம் விடியற்கால வானம்போல் ஆரஞ்சு.

அடுத்த லோடு வந்தபோது ஊமை ஹாரன் அதில் தேநீர் குடித்தார். முழுவதையும் குடித்துவிட்டு, தானே கழுவி, கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எடுத்துட்டுப் போங்க. உங்களுக்குத்தான்," என்றார் இலைக்காரி.

"லாரில ஒடஞ்சிரும். இங்கயே இருக்கட்டும். இங்க வந்தாத்தான நான் டீயே குடிக்கிறேன்."

கோப்பை இலைக்காரியின் மேசைக்கு மேலிருந்த பலகையில் இடம் பிடித்தது. அதில் வேறு யாரும் குடித்ததில்லை. ஒருமுறை தெரியாமல் நான் எடுக்கப்போனேன். இலைக்காரி பார்த்தார். வைத்துவிட்டேன்.

எட்டாவது வருஷம், மழை முடிந்த சமயம். கட்டைகளை இறக்கியாயிற்று. ஊமை ஹாரன் தார்ப்பாயை மடித்தார். மடித்ததையே பிரித்துத் திரும்ப மடித்தார். கடைசியில் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இந்தப் பெரணி மேல ஓடை ஓரமா ஆள் உயரத்துக்கு நிக்குது. ஒரு தடவ வந்து பாக்கறீங்களா?"

இலைக்காரி கையிலிருந்த தூரிகையைத் துடைத்தார். "பாக்கலாம்," என்றார்.

நாம் பேசும் பேச்சில் இதைப் போல் வழுக்குகிற சொல் வேறு இல்லை. வேலை கேட்டு வந்தவனைத் திருப்பி அனுப்பும் மேலாளர் சொல்வதும் பாக்கலாம்தான். படத்துக்குப் போகலாமா என்று கேட்கும் பிள்ளையிடம், சம்மதித்துவிட்ட அப்பா சொல்வதும் பாக்கலாம்தான். சொல்கிறவர் முகத்தைப் பார்த்தால்தான் எது என்று தெரியும். அன்றைக்கு அவர் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார், இவர் தூரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் இலைக்காரி கடைத்தெருவுக்குப் போய், ஏற்றத்தில் நடக்கிற மாதிரி ரப்பர் அடி வைத்த ஒரு ஜோடி ஷூ வாங்கினார். வாழ்க்கையில் முதல் ஷூ. அடுத்த லோடு வந்த நாள் அந்த ஷூ, ஒரு துணிப்பைக்குள், அவர் மேசைக்கு அடியில் இருந்தது. என் கால் தட்டியதால் எனக்குத் தெரியும். ஊமை ஹாரன் வந்தார், இறக்கினார், குடித்தார், கழுவினார். மலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்கடுத்த லோடுக்கும் அப்படியே. அவர் இன்னொருமுறை கேட்கட்டும் என்று இலைக்காரி காத்திருந்தார். கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது என்று அவர் இருந்தார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

அதற்கடுத்த லோடு வந்தபோது வெளியே ஒரு ஹாரன் அலறியது. என் கையில் இருந்த கோப்பை கோணிப்போயிற்று. புது லாரி, புது ஆள், வாய் நிறையப் பேச்சு. இலைக்காரி எழுந்து போனார்.

"அண்ணே, முன்னாடி வந்துட்டிருந்தவர் வரலயா?"

"அவரா? வண்டிய வித்துட்டாருங்க. என்ன ஏதுன்னு தெரியாது. நான் வேற ஏரியாவுல இருந்து வந்தவன்."

"சரிண்ணே," என்றார். மேசைக்குத் திரும்பி வந்து, அன்றைக்கு இருந்த முப்பது கோப்பைகளையும் முடித்தார். பையை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. கோப்பைகளில் பெரணி நின்றுபோனது. பட்டறைச் சுவரோரம் முளைத்த புல், சாக்கடைக் கரைச் செடி, பக்கத்து வீட்டுக் கொடி என்று கிடைத்ததை வைத்து வேலை செய்தார். வேலையில் குறை சொல்ல முடியாது. லோடு வரும் நாளில் மட்டும், லாரிச் சத்தம் கேட்டதும் அவர் கை நின்றுவிடும். ஹாரன் அடித்ததும் திரும்ப ஓடத் தொடங்கும். சனிக்கிழமைதோறும் பலகையிலிருந்து அந்தப் பெரிய கோப்பையை இறக்கி, கழுவி, துடைத்து, கவிழ்த்து வைப்பார். பட்டறையைப் பார்க்க வந்த ஒரு பெண்மணி அதைத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். முதலாளியம்மா பொதியும் தாளை எடுக்கப் போய்விட்டார்.

"அது விக்கறதுக்கில்லம்மா," என்றார் இலைக்காரி. குரல் உயரவில்லை.

முதலாளியம்மா அவரைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார். "ஆமா, அது விக்கறதுக்கில்ல. மறந்துட்டேன்," என்று தாளை மடித்து வைத்தார்.

வீட்டில் தம்பி மனைவி நல்லவள். நூலகத்தில் வேலை பார்க்கும், மனைவியை இழந்த ஒருவரைப் பற்றி இரண்டு மூன்று தடவை பேச்செடுத்தாள். ஒவ்வொரு தடவையும் இவர் வேண்டாம் என்றார். கட்டிலுக்கடியில் பெருக்கும்போது ஷூ டப்பாவை அவள் பார்த்திருக்கிறாள்.

"அக்கா, யாரையாவது மனசுல வெச்சிருந்தா சொல்லுங்க. நான் உங்க தம்பிகிட்ட பேசறேன்."

"வெச்சிருக்கேன்னு சொல்றதுக்கு என்ன இருக்கு? நாங்க ஒண்ணுமே பேசிக்கலயே," என்றாராம் இலைக்காரி. அதைச் சொன்னபோதுதான் தன் காதாலேயே அதைக் கேட்டாராம். அந்த வாரமே முதலாளியம்மாவிடம் ஒரு நாள் லீவு கேட்டார்.

"எதுக்கு?"

"செடி பாக்க."

"செடியா?"

"செடிதான்."

முதலாளியம்மா வேறெதுவும் கேட்காமல், "மேல குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கோ," என்றார். இலைக்காரி பலகையிலிருந்து பெரிய கோப்பையை இறக்கி, துண்டில் சுற்றிப் பையில் வைத்தார்.

இனி சொல்வது அவர் என்னிடம் பின்னால் சொன்னது.

பேருந்து மில் வாசலில் இறக்கிவிட்டது. ஷூ இன்னும் புதுசு, குதிகாலில் கடித்தது. மில் காவலாளியிடம் என்ன பெயர் சொல்லிக் கேட்பது என்று தெரியாமல், "ஹாரன் இல்லாத லாரி வெச்சிருந்தாரே," என்றார்.

"ஓ, அவரா! கண்ணு ஒண்ணு மங்கிப்போச்சுங்க. லைசென்ஸ் புதுப்பிக்க முடியல, வண்டியக் குடுத்துட்டாரு. இப்ப மேல நாத்துப் பண்ணைல வேல. இந்த வழியாவே போங்க, ஓடை வரும், அதத் தாண்டினா பண்ணை."

ஓடை வந்தது. பெரணி அங்கே அவர் சொன்ன மாதிரியே ஆள் உயரத்துக்கு நின்றது, இரண்டு கரையிலும், கண்ணுக்கு எட்டின தூரம் வரை. இத்தனை வருஷம் செய்தித்தாளுக்குள் சுருண்டு வந்ததையே பார்த்த இலைக்காரி, அதன் நடுவில் கால் மணி நேரம் நின்றார். ஒரு கீற்றையும் பறிக்கவில்லை. கூட ஆள் வந்து காட்ட வேண்டியதைத் தனியாகப் பார்க்கிறோமே என்றிருந்ததாம்.

பண்ணையில் கறுப்புப் பைகளில் வரிசை வரிசையாக நாற்றுகள். தகரக் கூரை போட்ட வீட்டின்முன் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். யாரைத் தேடி வந்தேன் என்று இலைக்காரி சொன்னதும் எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரர்தான். நாத்து ஏத்திட்டுப் போயிருக்காரு, ஆறு மணி ஆகும். நீங்க?"

இலைக்காரி பையைத் தோளில் சரிசெய்துகொண்டார். "பட்டறைலேருந்து வர்றேன். சூளை வெச்சிருக்கற பட்டற."

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "இலை வாங்குவீங்களே, அவங்களா? வாங்கக்கா, உக்காருங்க. உங்களப் பத்தி சொல்லியிருக்காரு. ஒரு தடவதான் உருட்டுவாங்க, ரெண்டாவது தடவ கெடயாதும்பாரு."

உள்ளே உட்காரவைத்து டம்ளரில் தேநீர் கொடுத்தாள். ஒரே அறை. சுவரில் அவர் சட்டை தொங்கியது. பேச்சுவாக்கில், கல்யாணமாகி ஒன்றேகால் வருஷம் ஆகிறது என்றாள். தான் பண்ணையில் பதினைந்து வருஷமாக வேலை செய்வதாகவும், அவர் கண் போய், வேலை கேட்டு வந்தபோதுதான் பழக்கம் என்றும் சொன்னாள். இலைக்காரி மனசுக்குள் மாதங்களை எண்ணிப் பார்த்தார். லாரி நின்றபின் ஒன்பது மாதம் அந்த மனிதர் இந்த மலையில் தனியாகத்தான் இருந்திருக்கிறார். அந்த ஒன்பது மாதமும் ஷூ கட்டிலுக்கு அடியில் இருந்திருக்கிறது.

கடைசிப் பேருந்து நாலு மணிக்கு. மூன்றரை வரை உட்கார்ந்திருந்தார். பிறகு பையிலிருந்து துண்டை எடுத்துப் பிரித்தார்.

"இது அவரோடது. பட்டறைல விட்டுட்டாரு."

"எம்மாம் பெருசு," என்று அந்தப் பெண் இரண்டு கையாலும் வாங்கினாள். "இருங்கக்கா, வெறுங்கையோட அனுப்பினா என்னத் திட்டுவாரு." ஓடை வரை கூடவே வந்து, ஒரு கை நிறையப் பெரணி அறுத்து, ஈரச் செய்தித்தாளில் சுருட்டிக் கொடுத்தாள். சுருட்டுகிற விதம் அச்சாக அவர் சுருட்டுகிற விதம். பேருந்தில் இரண்டு மணி நேரமும் இலைக்காரி அந்தச் செய்தித்தாள் சுருளை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

பத்து நாள் கழித்து, காலை பதினொரு மணி இருக்கும், பட்டறை வாசலில் ஊமை ஹாரன் நின்றார். பேருந்தில் வந்திருந்தார். இளைத்திருந்தார். ஒரு கண் பால் விட்டது போலிருந்தது. தோளில் ஒரு பை. நான் சக்கரத்தை நிறுத்தி எழுந்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேரே இலைக்காரியின் மேசைக்குப் போனார். வெளியே போய்விட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் வாசலுக்குப் போவதென்றால் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். சக்கரத்தில் மறுபடி உட்கார்ந்து, காது கேளாதவன் மாதிரி மண்ணைப் பிசைந்தேன்.

அவர் பையிலிருந்து கோப்பையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இத ஏன் அங்க விட்டுட்டு வந்தீங்க?"

"உங்களோடதுதான?"

"அவ இதுல விதைய ஊறப் போடறா." விளிம்பை விரலால் தடவினார். "அவ மேல தப்பில்ல. அவளுக்குத் தெரியாது. எனக்குத்தான் பாக்க முடியல."

இலைக்காரி சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, கண்ணில் தண்ணீரோடு. "விதை ஊறினா என்ன? நல்ல காரியந்தானே."

அவர் நின்றுகொண்டே இருந்தார். இலைக்காரி ஸ்டூலை நகர்த்தி வைத்தார். அவர் உட்கார்ந்தார்.

"மேல வந்து பாக்கறீங்களான்னு கேட்டேன்," என்றார் அவர். "பாக்கலாம்னு சொன்னீங்க."

"ஆமா. பாக்கலாம்னுதான் சொன்னேன்."

அவர் தலையைத் தூக்கி இவரைப் பார்த்தார். நான் பிசைவதை நிறுத்திவிட்டேன்.

"அடுத்த லோடுக்கு ஷூ எடுத்துட்டு வந்திருந்தேன்," என்றார் இலைக்காரி. "அதுக்கடுத்த லோடுக்கும்."

அந்தப் பெரிய கைகள் முழங்காலின் மேல் கிடந்தன. ஒரு கை எழுந்து மேசையின் ஓரம் வரை வந்தது, அங்கேயே நின்றது. "நான் இன்னொரு தடவ கேட்டிருக்கணும்," என்றார்.

"நானும் சரின்னு சொல்லியிருக்கணும்."

இலைக்காரி எழுந்து போய்த் தேநீர் போட்டு, அந்தக் கோப்பையிலேயே ஊற்றிக் கொடுத்தார். அவர் குடித்தார். கழுவப் போனவரை இலைக்காரி தடுத்து, தானே கழுவித் துடைத்து, துண்டில் சுற்றி, அவர் பையில் வைத்தார்.

"எடுத்துட்டுப் போங்க. விதை போடறவங்க காணோமேன்னு தேடுவாங்க."

"இது இங்க இருந்தா..."

"வேண்டாம்," என்றார் இலைக்காரி. "இங்க இருந்தா நான் கழுவிட்டே இருப்பேன்."

அவர் போய்விட்டார். இலைக்காரி அன்றைக்கும் மீதி வேலையை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். அழுகை வந்தது ஒரு வாரம் கழித்து, சூளை அடுக்கும்போது. கோப்பைகள் சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அடியில் வைக்கும் களிமண் உருண்டைகளைப் பிடித்துக்கொண்டிருந்தவர், கையில் ஒன்றை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சத்தம் வராமல் அழுதார். முதலாளியம்மா சூளைக்குள்ளிருந்து தவழ்ந்து வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அரைமணி நேரம் நாங்கள் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தோம்.

அதற்கப்புறம் அவர் தம்பி வீட்டைவிட்டுத் தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டார். கோபத்தில் இல்லை. "ஜன்னல் ஒண்ணு எனக்குன்னு வேணும்," என்றார். தம்பி வருத்தப்பட்டான், தம்பி மனைவிதான் பாத்திரம் பண்டம் சுமந்துபோய் அடுக்கிக் கொடுத்தாள். நூலகக்காரர் பேச்சு அதன்பின் எழவில்லை. சூளை எரிக்கும் நாளில் தீவாயில் நின்று கட்டை கொடுக்கும் வேலையையும் இலைக்காரி கற்றுக்கொண்டார். இப்போது எங்களில் அவருக்குத்தான் தீயின் நிறத்தைப் பார்த்துச் சூடு சொல்ல வரும்.

மழை முடிந்ததும் ஒரு நாள் பட்டறைத் தொலைபேசி அடிக்கும். பண்ணைக்காரப் பெண். "அக்கா, பெரணி நல்லா வந்திருக்கு, எப்ப வர்றீங்க?" என்பாள். அவளுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. இலைக்காரியும் அதைப் பற்றிச் சொன்னதில்லை. ஐந்து வருஷமாக, வருஷத்துக்கு ஒருமுறை, லீவு கேட்டுவிட்டுப் போகிறார். அங்கே இரண்டு பெண்களும் ஓடையில் இறங்கிக் கீற்று அறுப்பார்களாம். அவர் கரையில் செய்தித்தாளை நனைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். "அக்காவுக்கு டீ போடுங்க," என்று மனைவி சொன்னால் எழுந்துபோய்ப் போடுவாராம். மூன்று பேரும் நாற்றுகளைப் பற்றி, மழையைப் பற்றிப் பேசுவார்கள். நாலு மணிப் பேருந்தைப் பிடிக்க அவர்தான் மில் வாசல் வரை கூட நடந்து வருவார். அந்த ஒரு மைல் தூரம் என்ன பேசிக்கொள்வீர்கள் என்று ஒருமுறை துணிந்து கேட்டேன்.

"ஒண்ணும் பேச மாட்டோம், தம்பி," என்றார். "மெதுவா நடப்போம்."

போய்விட்டு வந்த மறுநாள் அவர் பட்டறைக்குச் சீக்கிரமே வந்துவிடுவார். செய்தித்தாளைப் பிரித்து, கீற்றுகளைத் தட்டில் பரப்பி, தண்ணீர் தெளித்து, மேலே ஈரத்துணியைப் போடுவார். மதியம் வரை யாரிடமும் பேச மாட்டார். எங்களுக்கு அது பழகிவிட்டது. நான் முதல் நாளே வனைந்து பதமாக்கி வைத்த கோப்பைகளை ஓசையில்லாமல் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.